ஆச்சியின் மூக்கடைப்பை வயதின் தலையில் போடலாமா?

இடம்பெயர்ந்த குடும்பங்களின் கொட்டில்களுக்கு நாம் போன வேளைகளில், அடுப்புப் புகைக்கு அருகே ஆச்சியோ அப்புவோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு படுத்திருக்கக் கண்டோம். விசாரித்தால், "வயது போனால் உப்பிடித்தான்" என்பதே பதில். அது சரியல்ல. பீனிசத்தை முழுதாக மாற்ற முடியாவிட்டாலும் கட்டுப்படுத்தலாம்.

நெற்றியிலும் கன்னங்களிலும் எலும்புக்குள் காற்றறைகள் உள்ளன. அவற்றின் உட்தோல் வீங்கி வாசல் அடைபட்டால் சளி தேங்கும். மூக்கடைப்பு, முகப்பாரம், தொண்டைக்குள் சளி இறங்குதல், மணம் தெரியாமை என்பன 12 கிழமைகளுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட பீனிசம். முதுமையில் மூக்கின் உட்தோல் வறண்டு சளி தடிக்கிறது. புகையும் சூடடிக்கும் தூசியும் அதை மோசமாக்குகின்றன. மணம் தெரியாதவருக்குச் சாப்பாட்டில் மனம் செல்லாது. கறி பழுதானதும் தெரியாது.

நாம் செய்யக்கூடியவை எவை?

முதலாவது, முதியவரின் பாயை அடுப்படியிலிருந்து தள்ளிப் போடுவோம். சுருட்டையும் பீடியையும் விடச் சொல்வோம். நெல் தூற்றும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டட்டும்.

இரண்டாவது, உப்புநீரால் மூக்கைக் கழுவுதல். அரை லீற்றர் நீரை நன்கு கொதிக்க வைத்து ஆறவிட்டு, ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பும் அதே அளவு அப்பச்சோடாவும் கரையுங்கள். குனிந்து தலையைச் சரித்து, வாயால் மூச்சு விட்டபடி, ஊசியில்லாத சுத்தமான சிறிஞ்சினால் மேல்நாசியில் மெதுவாக விடுங்கள். மறுநாசியால் வழியும். மிச்சத்தை ஊற்றிவிட்டு அடுத்த நாள் புதிதாகக் கரையுங்கள். கொதிக்க வைக்காத கிணற்றுநீர் கூடவே கூடாது. அதில் ஆபத்தான கிருமிகள் இருக்கலாம்.

மூன்றாவது, மருந்தில் கவனம். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்பு கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்கக்கூடாது. அயலவரின் மிச்சக் குளிசைகளும் வேண்டாம். ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ப் பானை கவிழ்ந்து முதியவர்களுக்குச் சூடுபடக்கூடும். வெந்நீரில் பிழிந்த துணியை முகத்தில் வைப்பதே பாதுகாப்பு.

ஒரு பக்கம் மட்டும் அடைப்போ இரத்தமோ நாற்றமோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். மேற்பல்லின் பழுதும் காரணமாகலாம். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், கடும் தலையிடியுடன் காய்ச்சல், நீரிழிவுக்காரருக்கு மூக்கில் கறுப்புப் பொருக்கு என்பவற்றுக்கு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

இன்றிரவே ஆச்சியின் பாயை இடம் மாற்றுவோம். அதற்குக் காசு தேவையில்லை.