அலமாரியில் ஓர் இடம்!

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் பாதையில், வைகைக் கரையோரமாக இருக்கிறது சோழவந்தான். கல்யாணத் தாம்பூலம் என்றதும் பெரியவர்களுக்கு நினைவு வரும் ஊர்களில் அதுவும் ஒன்று. அகத்தியைப் பற்றிக் கொடி படர்ந்திருக்கும் கொடிக்கால்களுக்குள் வெயில் கூடச் சற்றுத் தயங்கித்தான் நுழையும். 2023-ஆம் ஆண்டில் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பெருமைதான். ஆனால் பெருமை வேறு, வியாபாரம் வேறு. ஊர்ப் பெயரைப் பிறர் திருடாமல் காக்கத்தான் அந்தக் குறியீடு உதவும். கடை அலமாரியில் இடம் பிடித்துத் தராது.

வெற்றிலைக்காவது கவுளிக் கணக்கில் வாங்கிப் போக வியாபாரிகள் உண்டு. வீட்டில் அப்பளம் இட்டு, வடகம் பிழிந்து, ஊறுகாய் போட்டுப் பிழைக்கும் பெண்களின் பாடுதான் திண்டாட்டம். "அண்ணாச்சி, பத்துக் கட்டு வைத்துக்கொள்ளுங்கள். விற்றதும் காசு கொடுங்கள்" என்று தெருமுனைக் கடையில் சொன்னால் முன்பு காரியம் முடிந்தது. இன்றோ, அந்தத் தெருக்காரர்களில் பலர் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள்.

அங்கே அலமாரியின் ஒவ்வோர் அடிக்கும் விலை உண்டு. கண்ணுக்கு நேராக உள்ள தட்டில்தான் கை முதலில் போகும். அந்த இடத்துக்காகப் பெரிய கம்பெனிகள் பணம் கொடுப்பது பல நாடுகளில் உள்ள வழக்கம். சின்ன உற்பத்தியாளருக்கு அடித்தட்டு கிடைத்தாலே பாக்கியம்!

அதற்கும் முன்னால் ஏற வேண்டிய படிகள் உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும். பில் போடும் இயந்திரம் படிப்பதற்குப் பார்கோடும் வேண்டும். இவற்றைக் குறை சொல்வதற்கில்லை. சாப்பிடப் போவது நம் குழந்தைகள் அல்லவா?

கஷ்டம் அப்புறம்தான் ஆரம்பமாகிறது. ஒரு சிறு கணக்குப் போடுவோம். 50 ரூபாய் அப்பளப் பாக்கெட் நூறு கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கால் பங்கு கழிவு போனால் மிச்சம் 3,750 ரூபாய். பத்துப் பாக்கெட் நொறுங்கித் திரும்பி வந்தால் 3,375. அதுவும் இரண்டு மாதம் கழித்து! உளுந்து மண்டிக்காரர் அத்தனை நாள் காத்திருப்பாரா?

சட்டம் இல்லாமல் இல்லை. பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் வட்டியும் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால், வட்டி கேட்டு மனுப் போட்டால் அடுத்த ஆர்டர் வருமோ, வராதோ? இதே பயம் பிரிட்டனிலும் இருந்தது. பெரிய கடைகள் தங்களுக்குச் சரக்குக் கொடுப்பவர்களை எப்படி நடத்துகின்றன என்று கண்காணிக்க, 2013-இல் அங்கே ஒரு தனி அதிகாரியை ஏற்படுத்தினார்கள். புகார் சொன்னவர் யார் என்பதை அவர் கடைக்காரரிடம் காட்டிக்கொடுப்பதில்லை. நம் ஊருக்கும் அப்படி ஒருவர் வந்தால் நல்லது.

அதுவரையில் கூட்டுச் சேர்வதே வழி. 1959-இல் பம்பாயில் ஏழு பெண்மணிகள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினார்கள். அதுதான் 'லிஜ்ஜத்' ஸ்தாபனமாக வளர்ந்தது. ஏழு பேரும் ஏழு பெயரில் விற்றிருந்தால், அவரவர் தெருவோடு நின்றிருப்பார்கள். மதுரையிலேயே இன்னொரு வழியும் பிறந்தது. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அலமாரியில் இடம் கேட்காமல், காய்கறி விளைவித்தவரே நேரில் விற்க ஓர் இடம் கிடைத்தது.

இனி உங்கள் பங்கு. அடுத்த முறை சாமான் வாங்கப் போகும்போது குனிந்து அடித்தட்டையும் ஒரு பார்வை பாருங்கள். அக்கம்பக்கத்து ஊர் முகவரியுள்ள பாக்கெட் இருந்தால் தேதியையும் எண்ணையும் சரிபார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால், "எங்கள் பக்கத்து அப்பளம் இல்லையா?" என்று கேளுங்கள். ஒருத்தி கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். பத்துப் பேர் கேட்டால் அலமாரியில் இடம் ஒதுக்குவார்!