துரை நாட்டிலும் ஏழைக் குடில்கள்

இங்கிலாந்து என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குத் துரைமார்களும் அவர்தம் பங்களாக்களுமே நினைவுக்கு வரும். அந்நாட்டிலும் கூலி வாங்கி வயிறு கழுவியோர் இருந்தனர் என்பதை, வாசகர்களே, நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

புளோரா தாம்சன் என்னும் அம்மையார் 1876-ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டுஷயரில் ஜூனிப்பர் ஹில் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கொத்தனார். அக்கம்பக்கத்தார் பண்ணைத் தொழிலாளர்கள். வாரக்கூலி 10 ஷில்லிங். அதற்குள் பிள்ளைகள் நிறைந்த குடும்பம் நடந்தாக வேண்டும்! வீட்டுக்கொரு பன்றி வளர்த்தார்கள். குளிர்காலத்திற்கு அதுவே இறைச்சி. அறுவடையானதும் தாய்மாரும் பிள்ளைகளும் வயலில் சிந்திக் கிடந்த கதிர்களைப் பொறுக்கினார்கள்; அது ரொட்டிக்கு மாவாயிற்று. பள்ளிக்கு ஒன்றரை மைல் நடை. 14 வயதில் புளோரா பக்கத்து ஊர் அஞ்சலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

கல்லூரி வாசலை மிதிக்காத அவர், அந்த இளமை நாட்களை 'லார்க் ரைஸ்' என்ற நூலாக 1939-இல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 62. உடன் விளையாடிய தம்பி 1916-லேயே முதல் உலகப் போரில் மாண்டிருந்தார். நூலில் வறுமையை அவர் மறைக்கவில்லை. அதனூடே இருந்த பாட்டையும் விளையாட்டையும் அண்டை வீட்டார் அன்பையும் மறக்கவுமில்லை. அவர் எழுதியிராவிட்டால் அந்தக் குடில்களை இன்று யார் அறிவார்?

உங்கள் வீட்டிலும் பாட்டி இருப்பார். பால்மரக் காட்டில் அவர் கழித்த பிள்ளைப் பருவத்தை இன்றிரவே கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். தோட்டத்துச் சம்பளக் கணக்கில் அவர் பெயர் இருந்திருக்கும். அவர் கதை இருந்திராது.