கிணத்தில எண்ணெய் இருக்கோ, இல்லையோ?

போன மாதம் சுன்னாகத்தில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாமி பழைய ஆய்வுகூட அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "தம்பி, எங்கட கிணத்தில எண்ணெய் இருக்கோ, இல்லையோ? ஒரு சொல்லில சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதுதான் இந்தக் குறிப்பு.

பின்னணி பலருக்குத் தெரியும். யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே குடிநீர். சுன்னாகம் மின்நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்துவிட்டது என்று 2015 தொடக்கத்தில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஒரு தரப்பு 'இருக்கு' என்றது, இன்னொரு தரப்பு 'இல்லை' என்றது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

ஒரே தண்ணிக்கு எப்படி இரண்டு பதில் வரும்? ஒவ்வொரு பரிசோதனையும் வேறு வேறு கேள்வி கேட்கிறது.

மாமியின் தாளில் இருந்தது 'எண்ணெயும் கிறீசும்' என்ற பரிசோதனை. தண்ணியோடு ஹெக்சேன் போன்ற கரைப்பானைக் கலக்கிக் குலுக்கி, கரைப்பானை ஆவியாக்கி, மிஞ்சியதை நிறுப்பார்கள். கிணத்தடியில் தலைக்கு வைத்துக் குளித்த தேங்காய் எண்ணெயும் இதில் கணக்காகலாம். மறுபக்கம், எளிதில் ஆவியாகும் பென்சீன் கரைப்பானோடு சேர்ந்தே பறந்துவிடும். பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். அந்த அளவு கண்ணுக்கோ மூக்குக்கோ பிடிபடாது. அதற்கென்று காற்றிடைவெளி இல்லாமல் நிரப்பிய சின்னக் குப்பி வேண்டும், குளிரில் வைக்க வேண்டும்.

சரி, பென்சீன் இல்லையென்று வந்தால் நிம்மதியா? அதுவும் இல்லை. பெற்றோலோடு ஒப்பிட்டால் டீசலிலும் உலை எண்ணெயிலும் பென்சீன் மிகக் குறைவு. அவற்றைப் பிடிக்க, பெற்றோலிய ஹைட்ரோகாபன்களைத் தனியாகப் பார்க்கும் பரிசோதனை தேவை.

அடுத்தது, எங்கே அள்ளினார்கள்? எண்ணெய் மேலே மிதக்கும். பம்பு அடியிலிருந்து இழுக்கும் தண்ணியில் அது அகப்படாமல் போகலாம். எப்போது அள்ளினார்கள்? கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் கூட இறங்கிப் பாறையில் பூசிக்கொள்ளும். மாரியில் நீர் ஏறும்போது ஒரு பகுதி அங்கேயே நீருக்கடியில் சிறைப்பட்டுவிடும். மேலே படலம் இல்லை என்பதால் எண்ணெய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. சுண்ணாம்புக்கல்லில் தண்ணி வெடிப்புகள் வழியாக ஓடுவதால், பக்கத்து வீட்டுக் கிணறு சுத்தமாகவும் உங்கள் கிணறு கெட்டும் இருக்கலாம்.

ஆகவே கண்காணிப்பு என்பது ஒரு போத்தல் அள்ளுவதல்ல. அதே கிணறுகளை, அதே முறையில், மாரியிலும் கோடையிலும், பல வருடம் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, கசிவு வந்த இடத்துக்கு மேல்பக்கமாக, எண்ணெய் எட்டாத கிணறுகளும் வேண்டும். முக்கியமாக, முடிவுகள் கிணற்றுக்காரர் கைக்குப் போக வேண்டும்.

மாமியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இந்தத் தாள் அண்டைக்கு அள்ளின தண்ணியைப் பற்றி மட்டும்தான் சொல்லுது மாமி. மாரிக்கு ஒருக்கா, கோடைக்கு ஒருக்கா திரும்பப் பாக்கவேணும்" என்றேன்.

"அதுமட்டும் எதைக் குடிக்கிறது?" என்று கேட்டார்.