கிளாஸைக் கீழே வைத்தவர்கள்

1905 ஆகஸ்ட் 28. சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில், ஜெனீவா ஏரிக்கரையை ஒட்டிய கொம்யுன்யி கிராமம். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்துவந்த ழான் லான்ஃப்ரேவுக்கு அப்போது வயது 31. அன்று காலையிலேயே குடி தொடங்கிவிட்டது. அப்சிந்த், புதினா மது, பிராந்தி, பிராந்தி ஊற்றிய காபி, வேலைக்கு நடுவே லிட்டர் கணக்கில் ஒயின். மாலையில் வீடு திரும்பியவர், தன் பூட்ஸுக்கு ஏன் பாலிஷ் போடவில்லை என்று மனைவியிடம் சண்டை பிடித்தார். சண்டை முற்றியதும் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். அந்தப் பெண் கர்ப்பிணி. அடுத்து நான்கு வயது மகள். அதற்கடுத்து இரண்டு வயதுக் குழந்தை. கடைசியில் தன்னையே சுட்டுக்கொண்டும் அவர் சாகவில்லை.

மறு ஆண்டு பிப்ரவரியில் வழக்கு ஒரே நாளில் முடிந்தது. 30 ஆண்டுச் சிறை. மூன்றாம் நாள் சிறைக்குள் தூக்கில் தொங்கினார்.

நாடே கொதித்தது. கோபம் முழுவதும் ஒரே ஒரு பாட்டிலின் மேல் இறங்கியது. சோம்புச் சுவையும் பச்சை நிறமும் கொண்ட அப்சிந்த், பக்கத்து நொய்ஷாடெல் மாநிலத்தின் பள்ளத்தாக்குகளில் காய்ச்சப்பட்ட மலிவான சரக்கு. அதைத் தடை செய்யச் சொல்லி வோ மாநிலத்தில் 82,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1906-ல் மாநிலத் தடை வந்தது. 1908 ஜூலை 5 அன்று நாடு தழுவிய வாக்கெடுப்பில் 63.5 சதவீதம் பேர் தடைக்கு ஆதரவாக வாக்களித்தனர். 1910 அக்டோபரில் அப்சிந்த் சட்டவிரோதமாயிற்று.

லான்ஃப்ரே அன்று குடித்த அப்சிந்த் இரண்டு கிளாஸ்தான். மற்றதெல்லாம் பிராந்தியும் ஒயினும். ஆனால், வோ திராட்சை விளையும் பூமி. அங்கே ஒயினைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எந்த அரசியல்வாதி துணிவார்? சந்தையில் தங்களுக்குப் போட்டியாக இருந்த அப்சிந்த் ஒழிவதில் திராட்சை விவசாயிகளுக்கு வருத்தமும் இல்லை. மூன்று உயிர்கள் போன துயரம் உண்மை. மக்களின் கொதிப்பும் உண்மை. ஆனால் விடிந்ததும் பாட்டிலைத் தேடும் ஒரு மனிதனை அப்சிந்த் தடை எப்படி மீட்கும் என்ற கேள்விக்கு அந்த வாக்குச் சீட்டில் இடமில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் எடுத்த ஒரு கூட்டம், கொலைக்கு 28 ஆண்டுகள் முன்பிருந்தே வேலை செய்துகொண்டிருந்தது. 1877 செப்டம்பரில் ஜெனீவாவில் லூயி லூசியன் ரோஷா என்ற 28 வயதுப் போதகர் தொடங்கிய நீலச் சிலுவைச் சங்கம். சென்னைவாசிகளுக்குப் புளூ கிராஸ் என்றதும் தெருநாய்களைக் காப்பாற்றும் அமைப்பு நினைவுக்கு வரும், இது வேறு. அதே ஜெனீவாவில் 1863-ல் பிறந்த செஞ்சிலுவைச் சங்கம் போர்க்களத்தில் விழுந்தவர்களைத் தூக்கியது. ரோஷா, மதுக்கடை வாசலில் விழுந்தவர்களைத் தூக்க நினைத்தார்.

இங்கிலாந்துக்குப் போய் மதுவிலக்கு இயக்கங்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். ஆலய மேடையில் நின்று குடிகாரர்களைத் திட்டுவதால் ஒருவரும் திருந்தப்போவதில்லை என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால் சங்கத்தின் முதல் விதியை, உதவி செய்ய வருபவர்களுக்கே போட்டார். குடிநோயாளியைக் கைதூக்கிவிட வருகிறவர், தான் அளவாகக் குடிப்பவராக இருந்தாலும், முதலில் தன் கிளாஸைக் கீழே வைத்துவிட வேண்டும். சாப்பாட்டு மேஜையில் ஒயின் இல்லாத நாளே இல்லாத ஒரு சமூகத்தில் இது சாதாரணக் கோரிக்கை இல்லை. விருந்துக்குப் போனால் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். ஆலயத்தின் திருவிருந்து மேஜையில்கூட ஒயின்தான்.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் நுட்பமானது. வாழ்நாள் முழுதும் தொடமாட்டேன் என்று யாரையும் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. கடவுளின் துணையோடு இத்தனை நாளைக்குக் குடிக்கமாட்டேன் என்று ஒரு சீட்டில் கையெழுத்து. கெடு முடிந்ததும் மறுபடி ஒரு கையெழுத்து. நடுவில் தவறியவரைத் தள்ளிவைக்கவும் இல்லை. ஜெபமும் பாட்டும் தேநீருமாகக் கூட்டங்கள் நடந்தன. பேர்ன் நகரப் போதகர் ஆர்னால்ட் போவே இதை ஜெர்மன் பேசும் பகுதிகளுக்குக் கொண்டுபோனார்.

அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் யாக்கோப் போஸ்ஹார்ட். சூரிச்சில் செருப்புத் தைப்பவர்.

அந்நகரின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனைக்கு அப்போது தலைவர் ஆகுஸ்ட் ஃபோரல். எறும்புகளை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். பிற்காலத்தில் சுவிஸ் 1,000 பிராங்க் நோட்டில் இவர் படத்தையும் எறும்புகளையும் அச்சடித்தார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். தன் மருத்துவமனையில் அவர் சிகிச்சை அளித்த குடிநோயாளிகள் வெளியே போன வேகத்தில் மறுபடி குடித்தார்கள். அதே ஊரில் போஸ்ஹார்ட் கைதூக்கிவிட்டவர்களோ குடியை விட்டுக்கொண்டிருந்தார்கள். பேராசிரியருக்கு இது உறுத்தியது. செருப்புத் தைப்பவரிடமே போய்க் காரணம் கேட்டார். தான் குடிப்பதில்லை, டாக்டர் குடிக்கிறார், வேறு வித்தியாசம் எதுவும் இல்லை என்பது போஸ்ஹார்ட் சொன்ன பதிலின் சாரம்.

வேறொருவராக இருந்தால் கோபப்பட்டிருப்பார். ஃபோரல் குடிப்பதை நிறுத்தினார். அது 1886-ல். மூன்றே ஆண்டுகளில், 1889-ல், சூரிச் மாநிலத்தின் எல்லிக்கோன் கிராமத்தில் தூர் ஆற்றின் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லம் திறந்தது. ஃபோரல் அதன் பொறுப்பை எந்த மருத்துவரிடமும் கொடுக்கவில்லை. போஸ்ஹார்ட்டைக் குடும்பத்தலைவர்போல் அங்கே அமர்த்தினார். பணியாளர் உட்பட அந்த வளாகத்தில் ஒருவரும் ஒரு சொட்டு மது தொடக்கூடாது. வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கினார்கள். வயலிலும் தோட்டத்திலும் உழைத்தார்கள். உடம்பு தேறி வீட்டுக்குப் போகிறவருக்கு ஒரு அறிவுரை தவறாமல் உண்டு: ஊருக்குப் போனதும் நீலச் சிலுவை மாதிரி ஒரு சங்கத்தில் சேர்ந்துவிடு. அந்தச் சங்கம்தான் இல்லத்தின் இரண்டாம் பாதி. இல்லத்துக்குள் குடியை விடுவது சுலபம். பழைய தெரு, பழைய சம்பளநாள், பழைய நண்பர்கள் என்று திரும்பிய பிறகு, வாரந்தோறும் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். அந்த ஆட்களைக் கொடுத்தது விசுவாசிகளின் கூட்டம். நாத்திக மருத்துவரும் ஜெபக்கூட்டச் செருப்புத் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த அந்த ஆண்டுகளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

ஃபோரலின் இன்னொரு முகத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மனித இனத்தை 'மேம்படுத்த' மனநோயாளிகளுக்குக் கருத்தடை செய்யலாம் என்று வாதாடியவர்களில் அவர் முன்னணியில் இருந்தார். அவரது எழுத்து ஐரோப்பாவில் விதைத்தது நல்லதை மட்டும் அல்ல. குடிநோயாளியை மனிதராகப் பார்க்க அவருக்குக் கற்றுத்தந்தவர் போஸ்ஹார்ட். அந்தப் பாடம் மற்ற நோயாளிகள்வரை நீளவில்லை.

சூரிச்சில் சூசன்னா ஓரெல்லியும் அவர் தோழிகளும் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்கள். குடியை விட்டவன் மாலையில் எங்கே போய் உட்காருவான்? 1894-ல் அவர்கள் மது இல்லாத மலிவு விலை உணவகங்களைத் தொடங்கினார்கள். நல்ல சாப்பாடு, சுத்தமான மேஜை, குடிக்கச் சொல்லி வற்புறுத்தாத இடம். இந்தப் பணிக்காக 1919-ல் சூரிச் பல்கலைக்கழகம் ஓரெல்லிக்கு மருத்துவத்தில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

இத்தனைக்கும் பணம்? நன்கொடை ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அரசியலமைப்பே கைகொடுத்தது. உருளைக்கிழங்குச் சாராயம் நாட்டைச் சீரழித்த காலத்தில், 1885-ல், சுவிஸ் மக்கள் வாக்களித்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். சாராயத்தின் மீது மத்திய அரசுக்கு அதிகாரம். அதில் கிடைக்கும் நிகர வருமானம் மாநிலங்களுக்கு. மாநிலங்கள் தங்கள் பங்கில் குறைந்தது பத்தில் ஒரு பகுதியைக் குடியின் காரணங்களையும் விளைவுகளையும் எதிர்க்கவே செலவழிக்க வேண்டும். அங்கே இதற்கு 'மதுப் பத்திலொன்று' என்று பெயர். எந்தக் கட்சி ஆண்டாலும், எந்த நிதியமைச்சர் வந்தாலும் கைவைக்க முடியாத பணம். இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அப்சிந்த் தடை 2005 மார்ச் 1 அன்று நீக்கப்பட்டது. தடை இருந்த காலம் முழுவதும் நொய்ஷாடெல் பள்ளத்தாக்குகளில் அதைத் திருட்டுத்தனமாகக் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லிக்கோன் இல்லம் ஃபோரல் பெயரில் மருத்துவமனையாக வளர்ந்தது. பேர்னுக்குப் பக்கத்தில் கிர்ச்லிண்டாக்கில் 1891-ல் தொடங்கிய இன்னொரு இல்லமும் சூட்ஹாங் என்ற பெயரில் மருத்துவமனையாக நடக்கிறது. நீலச் சிலுவை இன்று பேர்னைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச அமைப்பு. சுவிஸ் நகரங்களில் குடிநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்தினருக்கும் ஆலோசனை மையங்கள் நடத்துகிறது. பழைய சாமான்கள் விற்கும் அதன் 'புரோக்கி' கடைகளில் கட்டிலும் அலமாரியும் மலிவாகக் கிடைக்கும்.

நம் ஊருக்கு வருவோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அந்த மாதமே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது; கள்ளச்சாராயச் சாவுகளுக்கு ஆயுள் தண்டனை வரை வந்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய். கொம்யுன்யிக் கொலைகளுக்குப் பிறகு கண்ட அதே வேகம். வேகம் தவறில்லை. ஆனால் கருணாபுரத்தில் பிழைத்துக்கொண்டவர்கள், மறு வாரமும் குடிக்கத் தவிக்கும் உடம்போடுதான் வீடு திரும்பியிருப்பார்கள்.

நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்தே சிகிச்சைக்குள் கொண்டுவந்தது. மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்குப் போய் முகாம் நடத்தியது. எல்லிக்கோனில் நடந்ததற்கு மிக நெருக்கமான வேலை இது. ஆனால் ஒரு மருத்துவமனை எத்தனை ஊருக்குப் போகும்?

2023-24-ல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்குக் கிடைத்த வரி வருவாய் 45,855 கோடி ரூபாய். சுவிஸ்காரர்களின் 1885 கணக்கை இதற்குப் போட்டுப் பார்த்தால், குடிநோயாளிகளின் மீட்புக்கு ஆண்டுக்கு 4,585 கோடி. 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு 120 கோடிக்கு மேல். அந்தத் தொகையை மதுவிலக்கு வாக்குறுதியைப் போலத் தேர்தலுக்குத் தேர்தல் பேசிவிட்டு விடாமல், எந்த ஆட்சியும் தொடமுடியாத ஒரு சட்டப் பிரிவாக எழுதிக் கேட்க வேண்டும்; அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே கேட்க வேண்டும்.