நான்கு பைட்டுகளில் ஒரு ஃபேடர்

சென்ற வாரம் வயர்ஷார்க் மென்பொருளில், கணினியும் மிக்ஸரும் பரிமாறிக்கொள்ளும் பாக்கெட்டுகளைப் பிடித்து வைத்தோம். இந்த வாரம் அவற்றைப் படிக்கலாம்.

எடுத்துக்கொள்வது 2012இல் வந்த பெரிங்கர் எக்ஸ்32 மிக்ஸர். இதன் நெட்வொர்க் மொழி பற்றி நிறுவனமே ஓர் ஆவணம் வெளியிட்டது. பயனர்கள் சோதித்துச் சோதித்துத் தொகுத்த ஆவணம் அதைவிட விரிவானது. நாம் ஊகித்ததைச் சரிபார்க்க விடை கைவசம் இருக்கிறது என்பதால், பழகுவதற்கு இதுவே நல்ல மிக்ஸர்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். கணினியிலுள்ள செயலியில் முதல் சேனலின் ஃபேடரை மட்டும் நகர்த்துங்கள். 10023ஆம் போர்ட்டை நோக்கி 28 பைட் யூடிபி பாக்கெட்டுகள் வரிசையாகப் போகும். முதல் 16 பைட்டுகள் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்துகள்: சேனல், 01, மிக்ஸ், ஃபேடர் என்று சாய்கோடு போட்டுப் பிரித்த முகவரி. அடுத்து நான்கு பூஜ்யங்கள். எழுத்துத் தொடர் பூஜ்யத்தில் முடிய வேண்டும், மொத்த நீளம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும் என்ற விதியின் தடயம் அது. பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வு மையத்தில் 1997இல் உருவான ஓஎஸ்சி நெறிமுறையின் விதி இது. பிறகு ஒரு காற்புள்ளி, வரப்போவது தசம எண் என்று சொல்லும் ஓர் எழுத்து, மீண்டும் நிரப்புப் பூஜ்யங்கள். எஞ்சியவை கடைசி நான்கு பைட்டுகள்.

ஃபேடர் உச்சியில் இருந்தால் அவை 63, 128, 0, 0. முழு எண்ணாக வாசித்தால் பொருளே இல்லை; 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக வாசித்தால் சரியாக 1. அடியில் நான்குமே பூஜ்யம். 0.75 என்று நாமே அனுப்பிவிட்டு, அதே முகவரியை மதிப்பில்லாமல் அனுப்பித் திருப்பிக் கேட்டால் 0.7498 என்று பதில் வரும். ஃபேடரின் முழு ஓட்டத்தையும் மிக்ஸர் 1024 படிகளாகத்தான் வைத்திருக்கிறது, 0.75க்கு மிக அருகிலுள்ள படி அது.

அந்த 0.75தான் 0 டெசிபெல். 1 என்றால் +10, 0.5 என்றால் −10, 0.25 என்றால் −30, பதினாறில் ஒரு பங்கு என்றால் −60. இந்த எண்களை வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். நான்கு நேர்கோடுகள் தெரியும். மேல்பாதி முழுவதும் வெறும் 20 டெசிபெலுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அடியிலோ, பதினாறில் ஒரு பங்கு தூரத்துக்குள் 30 டெசிபெல் கடந்துவிடும். கச்சேரி நடக்கும்போது ஒலிப்பொறியாளரின் விரல் பெரும்பாலும் 0 டெசிபெலைச் சுற்றியே அசையும். அங்கே நுணுக்கம் வேண்டும். வடிவமைத்தவர் அந்த விரலை நினைத்திருக்கிறார் என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இப்படிப்பட்ட இடங்கள்தான்.

சொந்த நிரல் எழுதிப் பார்ப்பவர்கள் ஒரு சிக்கலில் மாட்டுவார்கள். மிக்ஸரில் நடக்கும் மாற்றங்கள் 10 விநாடி வரும், பிறகு நின்றுவிடும். பிடித்துவைத்த பாக்கெட்டுகளை மறுபடி பாருங்கள்: செயலி 'எக்ஸ்ரிமோட்' என்ற சின்னச் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். யூடிபியில் நிலையான இணைப்பு கிடையாது. எதிர்முனை இன்னும் இருக்கிறதா என்று மிக்ஸருக்குத் தெரிய வேறு வழியில்லை.

பார்வையற்ற ஒலிப்பொறியாளர் தன் திரைவாசிப்பானோடு ஒத்துழைக்கும் செயலியை எழுதிக்கொள்ள முடிவது இந்த மொழி தெரிந்திருப்பதால்தான். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தன் மிக்ஸர் என்ன பேசுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

சோதிக்கும்போது ஆம்ப்ளிஃபையர்களை அணைத்துவிடுங்கள். தவறிப்போய் 1 என்று அனுப்பினால், திறந்திருக்கும் மைக் +10 டெசிபெலில் ஃபீட்பேக் ஆகி ஸ்பீக்கரையும் காதையும் கெடுத்துவிடும். 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்தைத் தொடும் முகவரிகளை, மைக் செருகியிருக்கும்போது நெருங்கவே வேண்டாம்.

அடுத்த வாரம் ப்ரீசோனஸ் ஸ்டுடியோலைவ். அதில் மிக்ஸரின் முழு நிலையும் சுருக்கப்பட்ட ஒரே மூட்டையாக வரும். அவிழ்க்கும்வரை படிக்க ஓர் எழுத்தும் கிடைக்காது.