கரடியும் காமனும்

"சேர், சற்றுப் பொறுங்கள். இப்போது நான் கரடி. கூட்டாளி ஒருவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவனைக் காப்பாற்ற வேண்டும்."

அட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், லயத்து அறையின் மூலையிலே பழைய கணினியின் முன் அமர்ந்திருந்த என் மாணவன் இவ்வாறு கூறியபோது எனக்கு முதலிற் சினமே எழுந்தது. பரீட்சை நெருங்கும் காலத்திற் கரடி வேடம் வேண்டிக்கிடக்கிறதோ என்று கேட்க வாயெடுத்தேன். ஆயினும் திரையில் அவன் ஆடியதைச் சிறிது நேரம் பார்த்தபின் சினம் தணிந்து சிந்தனை பிறந்தது.

துரூயிட் என்பவன்

அவன் ஆடியது ‘வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்’ என்னும் இணைய விளையாட்டு. 2004 ஆம் ஆண்டு வெளிவந்த அவ்விளையாட்டில், உலகின் பல பாகங்களிலும் உள்ளோர் ஒரே கற்பனை நாட்டிற் புகுந்து, போர்வீரன், மந்திரவாதி, பூசகன் எனத் தத்தமக்கு ஒரு பாத்திரத்தைத் தெரிந்துகொள்கின்றனர். என் மாணவன் தெரிந்துகொண்டது துரூயிட் என்னும் பாத்திரம். இயற்கையின் காவலனாகிய துரூயிட்டுக்குத் தன் உருவை மாற்றும் ஆற்றல் உண்டு. கரடியாகி நின்று கூட்டாளிகள்மேல் விழும் அடியைத் தான் ஏற்பான், வேங்கை போன்ற விலங்காகிப் பதுங்கிப் பாய்வான், நீர்விலங்காகி நீந்துவான், மீண்டும் தன்னுருக்கொண்டு காயமுற்றோரைத் தேற்றுவான். ஆனால், ஒரே வேளையில் எல்லாமாக இருத்தல் அவனுக்கும் இயலாது. எவ்வேளைக்கு எவ்வுருவம் வேண்டும் எனத் தேர்ந்து துணிவதே அப்பாத்திரத்தை ஆடுவோனின் திறமை.

துரூயிட் என்பது பண்டைக் கெல்தியரின் குருமார்க்கு வழங்கிய பெயர். அவர்கள் தம் சமயக் கல்வியை எழுத்திற் பொறியாது மனனஞ்செய்தே பயின்றனர் என்றும், சிலர் இருபது ஆண்டுகள் வரை அவ்வாறு கற்றனர் என்றும் யூலியஸ் சீசர் தம் போர்க்குறிப்புகளில் எழுதிவைத்தார். உருமாறும் வித்தையைப் பற்றி அவர் பேசவில்லை. அது பின்வந்தோர் ஏற்றிய கற்பனை. 1974 இல் அமெரிக்காவில் தோன்றிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திர விளையாட்டிலே, 1976 இல் துரூயிட் ஆடுவோர்க்குரிய பாத்திரங்களுள் ஒன்றாயிற்று. அங்கிருந்தே அது கணினித் திரைக்கு வந்து சேர்ந்தது.

இவற்றையெல்லாம் மாணவன் உற்சாகத்தோடு எனக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அடுப்படியில் அமர்ந்திருந்த அவனுடைய தாத்தா அதுவரை பேசாதிருந்து, பின்பு மெல்லக் கேட்டார்: "கரடியா மாறுறதுக்கு இவன் காப்புக் கட்டினானா?"

"காப்பு என்றால் என்ன தாத்தா?" என்றான் பேரன்.

அவ்வொரு வினாவில் இரு தலைமுறைகளுக்கிடைப்பட்ட தூரத்தை நான் கண்டேன். முதியவர் தம் இளமையிற் பல ஆண்டுகள் காமன் கூத்திலே ரதியாக ஆடியவர்.

மாசி நிலவு

காமன் கூத்து மலையகத் தோட்டங்களின் தலையாய கூத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார்க் காட்டு வழியாக நடந்து, முதலிற் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்த செல்வம் அது. மாசி மாத வளர்பிறையிற் கம்பம் ஊன்றுவர். தப்பு முழங்க ரதியும் மதனும் லயந்தோறும் ஆடி வருவர். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படும் மதனை ரதி தடுப்பாள், அவன் கேளான். முழுநிலவு நாளில் நெற்றிக்கண் திறக்க அவன் எரிவான், ரதி புலம்புவாள். அதன்பின் அவன் உயிர்பெறுதலும் உண்டு. எனினும் உடலற்றவனாக, ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படுவான் என்பது புராணம்.

பகலெல்லாம் மலைச்சரிவிலே முள்ளு குத்திய ஆடவனே இரவில் ரதியாகிப் புலம்புவான். அவன் காப்புக் கட்டி விரதமிருந்தே வேடம் பூணுவான். நேற்று அவனோடு பிரட்டுக்களத்தில் நின்றவர்களே இன்று அவனைக் கைகூப்பி வணங்குவர். ஆடுவோன் மட்டுமன்றிப் பார்ப்போரும் சேர்ந்தே அந்த உருமாற்றத்தை நிகழ்த்துகின்றனர் எனலாம்.

இரு உருமாற்றங்கள்

இம்மக்கள் விரும்பி ஏற்ற உருவங்கள் இவை. விரும்பாமலே அவர்கள்மேற் சுமத்தப்பட்ட உருவங்களும் உள. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வாழ்ந்த மனிதன் செக்றோலில் ஒரு பெயராகவும் கொழுந்தின் நிறையாகவும் மட்டுமே கணிக்கப்பட்டான். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிற்று. 1964 இல் எழுதப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனத் தொகை பிரித்தது. 1,50,000 பேரின் முடிவைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என விட்டது. தலைமன்னாரிற் கப்பலேறியோருள் கூத்தாடியவரும் தப்படித்தவரும் பாட்டறிந்தவரும் இருந்தனர். "மதனா ஆடினவன் கப்பலேறிப் போயிட்டான், அப்புறம் நான் யாருக்காக அழுறது?" என்று முதியவர் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை.

தன் வாழ்வின் உருவத்தைப் பிறர் தீர்மானிக்கக் கண்டவனுக்கு, தானே ஓர் உருவத்தைத் தேர்ந்துகொள்ளும் இன்பம் அற்பமானதன்று. அன்றைய ரதியையும் இன்றைய கரடியையும் இணைப்பது இதுவே. ஆகவே, விளையாடும் பிள்ளையை வீணன் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தன் கூட்டாளியின் அடியைத் தான் ஏற்க வேண்டும் என்று அவ்விளையாட்டும் அவனுக்குக் கற்பிக்கின்றது. ஆயினும் வேறுபாடு ஒன்று உண்டு. கரடி உருவம் ஒரு விசையை அழுத்தினால் வந்து, அழுத்தினால் மறைகின்றது. அதன் இலக்கணம் முழுவதும் எங்கோ ஒரு நிறுவனத்தின் பொறிகளிற் பேணப்படுகின்றது. ரதியின் உருவமோ ஒரு கிழவரின் நினைவில் மாத்திரமே இருக்கின்றது. சீசர் கண்ட துரூயிட்டுகளின் எழுதாக் கல்வி அவர்களோடு மறைந்தது. நம் தோட்டத்துப் பாடல்களுக்கும் அந்தக் கதி வரலாமா?

மலையக மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை 1984 இல் மறைந்தார். அவர் தொடங்கிய பணிக்குப் பெரிய நிறுவனம் வேண்டுவதில்லை. ஒரு பாடசாலையும் சில குறிப்புப் புத்தகங்களும் போதும். ஆசிரிய அன்பர்கள் தம் மாணவரை அடுத்த மாசிக்கு முன் அவரவர் வீட்டு முதியோரிடம் அனுப்புவார்களாக.

அன்றிரவு நான் விடைபெறும்போது கணினி அணைந்திருந்தது. பேரன் கைத்தொலைபேசியைத் தாத்தாவின் முன் வைத்து, "ரதி முதலில் எப்படி வருவாள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். முதியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாளத்துக்காக ஒரு தகரப் பேணியைத் தேடினார்.