பேட்டை வழி – 14: நானூற்றெண்பது நாள் கணக்கு

சென்ற வாரம் ரோபோக் கைகளைப் பார்த்தோம். அவை நம் பகுதிக்குப் புதியவை அல்ல. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கிய காலத்திலிருந்தே வெல்டிங்கும் பெயின்ட்டும் மெல்ல மெல்ல அந்தக் கைகளுக்குப் போய்விட்டன. சொல்லிவைத்த அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதோடு அவற்றின் வேலை முடிந்தது. செயற்கை நுண்ணறிவு என்ற பெயரில் இப்போது ஆலைக்குள் வருவது வேறு ஒன்று. கண் பார்த்துச் சொன்னதையும் காது கேட்டுச் சொன்னதையும் அது எடுத்துக்கொள்கிறது. பிரஸ்ஸிலிருந்து விழும் தகட்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, மாத்திரை அட்டையில் ஒரு குழி காலியாக ஓடுகிறதா, மோட்டாரின் பேரிங் தேயத் தொடங்கிவிட்டதா என்று தீர்ப்புச் சொல்வதுதான் அதன் வேலை. இந்தத் தீர்ப்பை அது யாரிடமிருந்து கற்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பேச வேண்டும். என் எண்ணத்தில், பல வருடம் லைனில் நின்ற தொழிலாளியிடமிருந்துதான் கற்கிறது. ஆளை வருடத்துக்கு வருடம் மாற்றிக்கொண்டே இருக்கும் நம் தொழிற்பேட்டைகள், இயந்திரத்துக்குக் கோடிகளைக் கொட்டியபடியே அது கற்க வேண்டிய இடத்தைக் காலி செய்துகொண்டிருக்கின்றன.

செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 மார்ச்சில் ஆலை திறந்த பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் டிங்கோல்ஃபிங் ஊரிலுள்ள அவர்களது பிரஸ் ஷாப்பில் ஒரு நெடுநாள் தொல்லை இருந்தது. தகட்டின் மேல் படிந்த தூசியையும் எண்ணெய்ச் சொட்டையும் கேமரா சில நேரம் விரிசல் என்று எண்ணிவிடும். நல்ல தகடு குற்றப் பட்டியலுக்குப் போய்விடும். இதைத் தீர்த்த விதத்தை அந்த நிறுவனமே 2019-இல் வெளியிட்டது. குற்றமற்ற தகட்டுக்கு ஏறத்தாழ நூறு படம், தூசி படிந்ததற்கு நூறு, எண்ணெய் சொட்டியதற்கு நூறு என்று கொடுத்து இயந்திரத்தைப் பழக்கினார்கள். இப்படிப்பட்ட வேலைகளில் பாகத்தைப் பல கோணங்களில் படம் பிடித்து, எங்கே பிசகு என்று படத்தின் மேலேயே குறித்துக் கொடுப்பவர்கள் ஆலை ஊழியர்கள். நூறு படம் என்பது சின்னக் கணக்குதான். ஆனால் இது தூசி, இது விரிசல் என்று நூறு முறையும் தடுமாறாமல் சொல்ல, இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துப் பழகிய ஆள் வேண்டும். தெரியாத ஒருவர் பத்துப் படத்தில் மாற்றிக் குறித்துவிட்டால், அந்தப் பிழையை இயந்திரம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் களைப்பே இல்லாமல் செய்துகொண்டிருக்கும்.

இதே அறிவு மாமல்லபுரத்துக் கல்பட்டறைகளில் வேறு உருவத்தில் புழங்குகிறது. சிலைக்குக் கல் எடுக்கும்போது சிற்பி அதைத் தட்டிக் கேட்பார். மணி போல நின்று ஒலிப்பதை ஆண் கல் என்றும், தாளம் போல ஒலிப்பதைப் பெண் கல் என்றும், ஓசை எழாமல் அடங்கிவிடுவதை மூன்றாம் வகை என்றும் சிற்ப நூல் மரபு பிரித்துவைத்திருக்கிறது. உள்ளே விரிசல் ஓடியிருந்தால் ஓசை உடையும். வார்ப்புப் பாகங்களைத் தட்டி, அவை அதிரும் விதத்தை அளந்து உள்விரிசலைப் பிடிக்கும் கருவிகள் வாகன ஆலைகளில் உண்டு, அடிப்படை இதுவேதான். கருவி சிற்பியின் காதைவிட நுட்பமாக ஒலியை அளக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் எந்த ஓசை தந்த கல், மூன்று மாதம் கழித்து மூக்கும் விரலும் எடுக்கும் நேரத்தில் தெறித்தது என்ற சேதி ஒலிக்குள் இல்லை. ஓசையைக் கேட்டவரே அந்த முடிவையும் இருந்து பார்க்க வேண்டும். அதற்கு ஒரே பட்டறையில், ஒரே தொழிலில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். கல்லைப் பொறுத்தவரை இது நமக்குப் புரிந்திருக்கிறது. 1957-இல் அங்கே சிற்பக் கல்லூரி தொடங்கினோம். 2017-இல் மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் மேற்கே வந்து ஆலைகள் நிற்கும் ஜி.எஸ்.டி. சாலையை எட்டினால் அந்தப் புரிதல் காணாமல் போகிறது.

தமிழ்நாட்டில் 1981-இல் ஒரு சட்டம் வந்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் 480 என்ற எண் நிறைவதற்குள் ஆளை அனுப்பிவிடுகிறார்கள், அல்லது வேறு கான்ட்ராக்டர் பெயரில் மறுபடி சேர்க்கிறார்கள் என்பது தொழிற்சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் புகார். தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் வருபவரோ சட்டத்தின் கண்ணில் தொழிலாளியே அல்லர். நாட்டின் ஆலைத் தொழிலாளர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பங்கு இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாக இருந்தது. மத்திய அரசின் ஆண்டுத் தொழிற்கணக்கெடுப்புப்படி இப்போது ஐந்தில் இரண்டையும் தாண்டிவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதை எல்லா இடத்துக்கும் திறந்துவைத்திருக்கிறது. ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு என்பது அதில் தொழிலாளிக்குக் கிடைத்த நன்மை. ஆனால் ஓராண்டில் கை பழகும்; கண் பழகாது. கோடையில் ஒரு மாதிரி, ஐப்பசி மழையின் ஈரத்தில் ஒரு மாதிரி, டை தேய்ந்த பிறகு இன்னொரு மாதிரி என்று ஒரே பாகத்தில் பிசிறு விழும் விதங்களை எல்லாம் கண்டு முடிப்பதற்குள் அந்த இளைஞர் வேறு கேட்டுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குற்றமுள்ள பாகத்தையே காட்டாமல், நல்ல பாகங்களை மட்டும் காட்டிப் பழக்கும் முறை வந்துவிட்டது. அவற்றிலிருந்து விலகியதை இயந்திரம் தானாகப் பிடித்துவிடும். இனி யாரும் குறித்துக் கொடுக்கத் தேவையில்லை என்பார்கள். முறை உண்மையானதுதான். ஜெர்மானிய நிறுவனமான எம்.வி.டெக் 2019-இல் வெளியிட்ட, பதினைந்து வகைப் பொருள்களின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட தொகுப்பை வைத்து உலகம் முழுக்க இதில் ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் அந்தத் தொகுப்பிலேயே, சோதனைக்கு வைத்த படங்களில் எது குற்றம், எது குற்றமில்லை என்று புள்ளி புள்ளியாகக் குறித்துவைத்தவர்கள் மனிதர்கள். அந்த அளவுகோல் இல்லாவிட்டால் இயந்திரம் சரியாகச் சொன்னதா என்றே தெரியாது. அதோடு, விலகல் வேறு, குற்றம் வேறு. புது லாட் இரும்பு கொஞ்சம் மங்கலாக வந்தாலும், டியூப்லைட் மாற்றியதில் வெளிச்சம் மாறினாலும் இயந்திரத்துக்கு அது விலகல்தான். அந்தப் பாகத்தை அனுப்பலாமா, ஸ்கிராப்பில் போடலாமா என்று முடிவெடுக்க ஒருவர் வேண்டும். தவறான எச்சரிக்கை பெருகினால் சூப்பர்வைசர் செய்யும் முதல் வேலை, எச்சரிக்கையை அணைத்துவிடுவது.

மனிதக் கண் களைக்கும், மூன்றாம் ஷிஃப்டில் விடிகாலை நான்கு மணிக்கு எதையும் கோட்டை விடும் என்ற மறுப்பை முழுக்க ஏற்கிறேன். எட்டு மணி நேரம் தகட்டை முறைத்துப் பார்க்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டால் நல்லதுதான். பார்ப்பதை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவரையும் வெளியே அனுப்புவதைத்தான் எதிர்க்கிறேன். 1980-களில் அமெரிக்காவின் கேம்பல் சூப் நிறுவனம், டப்பாக்களைக் கிருமி நீக்கும் ராட்சதக் குக்கர்களின் கோளாறைக் கண்டறிய ஒரு கணினி நிரலை உருவாக்கியது. அதற்குள் இருந்தது, நாற்பது ஆண்டுக்கும் மேல் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் ஊழியரின் அறிவு. மாதக்கணக்கில் அவரிடம் கேட்டுக் கேட்டு விதிகளாக எழுதினார்கள். இன்றைய முறைகள் வேறு, ஊற்று அதேதான். டொயோட்டாவில் மிட்சுரு கவாய் என்ற மூத்தவர், தானியங்கி வரிசைகளுக்கு நடுவே கையால் உலோகம் அடிக்கும் வேலையைத் திரும்பக் கொண்டுவந்தார். இயந்திரத்தைத் திருத்த வேண்டியவருக்கு உலோகம் எப்படிப் பேசும் என்று முதலில் தெரிய வேண்டும் என்பது அவர் வைத்த காரணம். தொழிலாளியாகச் சேர்ந்த அவரை அந்த நிறுவனம் 2017-இல் துணைத் தலைவர் பதவி வரை உயர்த்தியது.

தொழிலாளி பக்கமிருந்து வரும் கேள்விதான் இவற்றில் கனமானது: எனக்குப் பதிலாக வரப்போகும் இயந்திரத்துக்கு நான் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. அடுத்த மாதம் கேட்டுக்கு வெளியே நிற்கப்போகிறவர், படத்தில் குறி வைக்கும்போது அக்கறை காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. வேலை உறுதி இங்கே தயவாகக் கேட்பது அல்ல. இயந்திரத்தின் தரத்துக்கே அது முன்நிபந்தனை. குறித்துக் கொடுக்கும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும், அதற்குத் தனிப் படி வேண்டும், அந்த லைனில் அவருக்கு நிரந்தர இடம் வேண்டும். சிறு வென்டர் கம்பெனிக்கு இது சுமை என்பார்கள். நிரந்தரமாக நாற்பது பேர் வேண்டியதில்லை. பாகத்தை அறிந்த நான்கு பேர் போதும். அவர்களை இழந்தால், வாடிக்கையாளர் கம்பெனி திருப்பி அனுப்பும் ஒரு லாட்டின் விலை அவர்கள் சம்பளத்தைவிடப் பெரிதாகிவிடும்.

மறைமலை நகரில் இது ஏட்டுப் பேச்சு அல்ல. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, 2022-இல் அங்கே கடைசிக் காரை வெளியேற்றியபோது இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். ஐகான் கார் காலத்திலிருந்து எஞ்சினும் பாடியும் பார்த்துப் பழகிய கண்கள் அவர்களில் பலருடையவை. 2025 அக்டோபரில் அதே நிறுவனம் 3,250 கோடி ரூபாயில் அதே ஆலையில் 2029 முதல் ஏற்றுமதிக்கு எஞ்சின் செய்யப்போவதாகத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் செய்தது. ஆண்டுக்கு 2,35,000 எஞ்சின், அறுநூறுக்கும் மேற்பட்ட வேலை என்பது அறிவிப்பு. எஞ்சின் எண்ணிக்கைக்கு ஆள் குறைவு என்பதிலிருந்தே கேமராவும் கணினியும் எவ்வளவு வேலையை ஏற்கும் என்று ஊகிக்கலாம்; அமெரிக்க ஆலைகளில் ஃபோர்டு செல்போன்களைத் தாங்கியில் பொருத்திப் பாகங்களைச் சரிபார்த்துவருகிறது. இப்படிப்பட்ட முதலீடுகளுக்கு நிலம், வரி, மின்சாரம் என்று அரசு சலுகை தரும்போது, இத்தனை வேலை என்ற எண்ணோடு ஒரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும்: இயந்திரத்தைப் பழக்கும் குழுவில் நிரந்தரத் தொழிலாளர்கள் இருக்க வேண்டும், முன்பு அதே தளத்தில் வேலை பார்த்தவர்களை முதலில் கூப்பிட வேண்டும். எஞ்சினைத் தொட்டுப் பழகிய அந்தக் கைகளைத் தேடிப் பிடிக்க 2029 வரை நேரம் இருக்கிறது.